கடைசி ஜெபத்துக்குப் போக முடியாமல் போன ஊழியர்

கேள்வி:

நான் திருநெல்வேலி மாவட்டத்துக்காரன். ஜார்க்கண்டில் ராஜ்மஹால் மலைப்பகுதியில் மால்தோ மக்கள் நடுவே மனைவியோடு மிஷனெரியாக இருந்தேன். 2021 ஏப்ரல் கடைசியில் எங்கள் இருவருக்கும் கொரோனா வந்து, பணித்தள வீட்டிலேயே தனிமையில் கிடந்தோம். அந்த நாட்களில் எங்கள் சபையின் மூத்த விசுவாசி ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். அந்த ஊரில் எங்களுக்கு முதலில் வாசல் திறந்தவர் அவர்தான். மகன் இரண்டு தடவை ஆள் அனுப்பினான். நான் போகவில்லை, போனில்தான் ஜெபித்தேன். மறுநாள் இறந்துவிட்டார். அடக்கத்துக்கும் போகவில்லை, ஊர்ப் பையன் ஒருவன்தான் வேதம் வாசித்தானாம். ஜூன் மாதம் ரயில் கிடைத்ததும் ஊருக்கு வந்துவிட்டோம். கிளம்பும் முன் அந்த வீட்டுப் பக்கம் போக எனக்கு முகம் இல்லை. எங்களைத் தாங்கும் ஜெபக்குழுவில் ஒரு மூத்தவர், "91-ஆம் சங்கீதத்தை நம்புகிறவன் கதவைப் பூட்டிக்கொள்வானா?" என்று எல்லார் முன்பும் கேட்டார். இப்போது மிஷன் அலுவலகத்தில் வேலை. இரவில் போன் அடித்தால் நெஞ்சு பதறுகிறது. மறுபடி ஒரு பணித்தளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஓநாயைக் கண்டு ஆடுகளை விட்டு ஓடிய கூலியாள் நான்தான் என்று தோன்றுகிறது. இனி ஊழியத்துக்கு நான் தகுதியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஊர்ப் பெயர், மிஷன் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முழுக் கடிதத்தையும் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. போக முடியாமல் போனதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். போனில் ஜெபித்ததை இரண்டு மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியவரின் காதருகே பிடித்திருக்கிறாள். நீங்கள் இருமிக்கொண்டே மால்தோ மொழியில் ஜெபித்திருக்கிறீர்கள். நடுவில் லைன் அறுந்துவிட, அவளே மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். முடிவில் பெரியவர் "ஆமென்" சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கிறது. இதை ஊழியக் கணக்கில் நீங்கள் சேர்க்கவே இல்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நீங்கள் அந்த வீட்டுக்குப் போகாதது சரி. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. போயிருந்தால் அது தவறாகியிருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கட்டிலருகே உட்கார்ந்திருப்பீர்கள். தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்திருப்பீர்கள். ஒரு பாட்டாவது பாடியிருப்பீர்கள். வீட்டார், அக்கம்பக்கத்தார், பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சின்ன அறையில் நெருக்கி நின்று உங்களோடு பாடியிருப்பார்கள். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் மாவட்டத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் லேசான அறிகுறி இருந்தது. அந்த ஒருவரிடமிருந்து 52 பேருக்குத் தொற்று பரவியிருக்கலாம் என்று கண்டார்கள், இருவர் இறந்தார்கள். பாடுவதும் உரக்கப் பேசுவதும் இந்தக் கிருமியை எப்படிக் காற்றில் பரப்புகிறது என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. அங்கே பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகள் உண்டு. உங்கள் மலையிலிருந்து ஆக்சிஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த மே மாதத்தில் போயிருந்தாலும் படுக்கை கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கூலியாள் உவமையை எழுதியிருக்கிறீர்கள். அந்த உவமையில் ஓநாய் வெளியிலிருந்து வருகிறது. உங்கள் விஷயத்தில் அது உங்கள் மூச்சில் இருந்தது. கதவைச் சாத்தி யாரைக் காப்பாற்றினீர்கள்? உங்களுக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே.

சரி, அந்த மூத்தவர் சொன்ன 91-ஆம் சங்கீதத்துக்கு வருவோம். தேவனை நம்புகிறவனைக் கொள்ளைநோய் அணுகாது என்கிற சங்கீதம் அது. நான் மனநல ஆலோசகர். வேத விளக்கம் என் தொழில் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை உங்கள் மனதில் முள்ளாக ஏறியிருப்பதால் தொடாமல் போக முடியாது. அந்தச் சங்கீதத்தை நாலாம் அதிகாரத்தில் மத்தேயு எங்கே வைக்கிறார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தேவாலயத்து உப்பரிகையில் நின்று, "தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள்" என்று அதையே எடுத்துச் சொன்னவன் யார்? சாத்தான். கர்த்தரைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்பதுதான் இயேசு அதற்குக் கொடுத்த பதில். அந்த மூத்தவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பயத்தில் பலர் வசனத்தை இறுகப் பிடித்துக்கொண்ட காலம் அது. ஆனால் 2020 ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று நாடு முழுக்கச் சபைகள் பூட்டித்தான் இருந்தன. அவருடைய சபையும் அதில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அன்று யாரும் யாரையும் கூலியாள் என்று சொல்லவில்லை.

இந்தக் கேள்வி நம் காலத்தில் புதிதாக வந்ததும் இல்லை. 1527-இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரத்தில் கொள்ளைநோய் பரவியது. பல்கலைக்கழகத்தையே ஜேனா ஊருக்கு மாற்றினார்கள். மார்ட்டின் லூத்தரையும் கிளம்பச் சொன்னார்கள், அவர் போகவில்லை. கர்ப்பிணி மனைவியோடு அங்கேயே இருந்தார், வீட்டில் நோயாளிகளை வைத்துப் பார்த்தார். கொள்ளைநோய்க்கு ஒரு கிறிஸ்தவன் ஓடலாமா என்று பிரெஸ்லாவ் ஊர்ப் போதகர்கள் கேட்டதற்கு அவர் எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. நம் மேடைகளில் அதன் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள்: ஊழியன் ஆபத்தில் சபையை விட்டுப் போகக்கூடாது, அயலானுக்கு நான் தேவைப்பட்டால் தயங்காமல் போவேன் என்ற பாதி. அதே கடிதத்தில், நான் தேவைப்படாத இடத்துக்கும் ஆளிடத்துக்கும் போகமாட்டேன், என்னால் பிறருக்குத் தொற்று வந்துவிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். மருந்தை ஒதுக்கிவிட்டு, எச்சரிக்கை இல்லாமல் திரிந்து, பிறருக்கு நோயைக் கொடுக்கிறவன் அவர்கள் சாவுக்குப் பொறுப்பாளி என்று கடுமையாகவே சொல்கிறார்.

"பெரியவருக்கு நான் தேவைப்பட்டேனே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் லூத்தர் நோயில்லாத ஒரு போதகனை மனதில் வைத்துப் பேசுகிறார். அவன் போனால் தன் உடம்பைப் பணயம் வைக்கிறான். நீங்கள் போயிருந்தால் அந்த மருமகளின் உடம்பை, அவள் பிள்ளைகளின் உடம்பைப் பணயம் வைத்திருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு. மிஷனெரிக் கதைகளில் நாம் சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் முதல் வகை. ஹவாயின் மொலோகாய் தீவில் தொழுநோயாளிகளோடு 16 வருடம் இருந்து, தானும் அதே நோயில் 1889-இல் இறந்த தாமியான் அடிகள் மாதிரி. அந்தக் கதைகளை அளவுகோலாக வைத்து உங்களை அளக்கிறீர்கள். உங்கள் நிலைமைக்குப் பொருத்தமான கதை வேறு ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஏம் என்று ஒரு கிராமம். 1665-இல் லண்டனிலிருந்து ஒரு தையல்காரருக்கு வந்த துணி மூட்டையோடு பிளேக் வந்தது என்பார்கள். அங்கே அப்போது குருவாக இருந்தவர் வில்லியம் மோம்பெசன், ஊருக்குப் புதியவர், இளைஞர். அவருக்கு முன்னால் இருந்து பதவி பறிக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியைத்தான் ஊர் நம்பியது. இரண்டு பேருக்கும் கொள்கையில் ஒத்துப்போகாது. ஆனாலும் 1666 ஜூனில் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். ஊரைவிட்டு யாரும் வெளியே போகக்கூடாது. ஆராதனை ஆலயத்துக்குள் வேண்டாம், வெளியே பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று நடத்தலாம். மூன்றாவது முடிவைக் கவனியுங்கள்: இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம், குருவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், அந்தந்தக் குடும்பமே தன் நிலத்தில் அடக்கம் செய்யட்டும்.

எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளில் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே குழிவெட்டிப் புதைத்தாள். அந்தக் கல்லறைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் நின்று ஜெபம் சொல்லக் குரு இல்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று குருவே முடிவு செய்திருந்தார். மோம்பெசனின் மனைவி கேத்தரினும் அந்த ஆகஸ்டில் இறந்தார். ஊரில் ஏறத்தாழ 260 பேர் போனார்கள். சுற்றுவட்டாரத்துக்கு நோய் பரவவில்லை.

அந்த எலிசபெத்தின் துக்கத்துக்கு மோம்பெசன் காரணம் என்று சொல்வீர்களா? அவருக்குள் அந்த வலி இல்லாமல் இருந்திருக்குமா? வலி இருந்திருக்கும். அதைக் குற்றம் என்று பேர் வைத்துச் சுமக்கவேண்டியதில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். தனிமையில் இருந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு இருப்பது துக்கம். அன்பானவரை இழந்தீர்கள், வழியனுப்பவும் முடியவில்லை. அதற்கு அழவேண்டும். நீங்கள் அழுததாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. உங்களை விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் இறப்பதற்கு முந்தின நாள் உங்களுக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று மட்டும் அதில் எழுதுங்கள். உங்கள் கடிதத்தின்படி அன்று உங்கள் ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 92 என்று குறைவாகக் காட்டியது. கொல்லைப்புறம் போய்வரவே மூச்சு வாங்கியது. மனைவிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. பெரியவருக்குச் சாதாரணக் காய்ச்சல்தான், மலேரியாவாக இருக்கும் என்று மகன் சொன்னான். உங்கள் மலையில் மலேரியா வராத வீடு கிடையாது என்பதால் அதை நம்பினீர்கள். மறுநாள் இறந்துவிடுவார் என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது, ஏனென்றால் அன்று அது உங்களுக்குத் தெரியாது. இன்று தெரிந்ததை வைத்து அன்றைய மனிதனுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். எங்களிடம் வரும் நர்சுகள், ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள், உறவினர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாதவர்கள் எல்லாரிடமும் இது உண்டு. எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் பிடி தளரும்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. தனிமை முடிந்து நீங்கள் தேறிய பிறகு, ஜூனில் ரயில் ஏறும்வரை சில வாரம் இருந்திருக்கிறது. அப்போது உங்களால் நடக்க முடிந்தது. தொற்றும் போய்விட்டது. அந்த வீட்டுக்குப் போகாமல் கிளம்பிவிட்டீர்கள். "முகம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வீட்டாருக்கு எப்படிப் பட்டிருக்கும்? ஐயா வரவில்லை, காய்ச்சல், சரி. காய்ச்சல் போன பிறகும் வரவில்லை. சொல்லாமலே போய்விட்டார். நீங்கள் கேட்கும் பொறுப்பு என்று ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. செய்யாத தப்பை வருடக்கணக்காகச் சுமப்பதால், செய்த இந்தச் சின்னத் தப்பைப் பார்க்க உங்களுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. முதலாவதைச் சரிசெய்ய வழியே கிடையாது, செய்யவும் வேண்டாம். இரண்டாவதைச் சரிசெய்யலாம்.

எப்படி? அடக்கத்தில் வேதம் வாசித்தானே, அந்தப் பையனிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் இடத்தில் நின்றவன் அவன். அவனுக்கும் அது லேசான காரியமாக இருந்திருக்காது. அவனுக்குப் போன் செய்து, அன்றைக்கு எந்தப் பகுதியை வாசித்தாய், யார் யார் வந்தார்கள், குழி எங்கே வெட்டினார்கள் என்று கேளுங்கள். விவரம் கேட்கப் பயமாக இருக்கும். விவரம் தெரியாத சாவைத்தான் மனம் ராத்திரியில் விதவிதமாகக் கற்பனை செய்கிறது. பிறகு அவன் மூலமாகவே அந்தக் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்: வரலாமா என்று.

வரலாம் என்றால் போங்கள். மனைவியும் வரச் சம்மதித்தால் இருவருமாகப் போங்கள். மிஷன் வேலையாகப் போகவேண்டாம், போட்டோ வேண்டாம், பணிக்கள அறிக்கைக்குச் செய்தி வேண்டாம். இந்தியில் பேசாதீர்கள், நீங்கள் கற்ற மால்தோவிலேயே, தடுமாறினாலும் பரவாயில்லை, பேசுங்கள். (மால்தோவும் நம் திராவிடக் குடும்பத்து மொழிதான். அவ்வளவு வடக்கே, மலை மேலே, இத்தனை காலம் அது பிழைத்துக் கிடப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஆச்சரியம்.) போனதும் மன்னிப்புக் கேட்டு அழுது அவர்கள் உங்களைத் தேற்றும்படி செய்துவிடாதீர்கள். இழந்தவர்கள் அவர்கள். முதலில் அவர் எப்படி இருந்தார், கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டு உட்காருங்கள். அவர்கள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். அப்புறம், "காய்ச்சல் நாளில் நான் வராதது உங்களுக்காக, அதற்குப் பிறகு வராதது என் தப்பு" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். அவர்கள் விரும்பினால் கல்லறையருகே அன்று நடக்காத ஜெபத்தை நடத்துங்கள். வாசிப்பை அந்தப் பையனிடமே கொடுங்கள்.

வரவேண்டாம் என்றால்? ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள், அதோடு விடுங்கள். அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

இப்போது உடம்பு. இரவில் போன் அடித்தால் நெஞ்சு பதறுவது, தூக்கம் கலைவது, அந்த ஊர்ப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவது, ஆராதனையில் பாட வாய் வராதது என்று நீங்கள் எழுதியவற்றை ஆவிக்குரிய பலவீனம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இழப்பின் வலி ஆறு மாதத்தைத் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதற்கு நீடித்த துக்கம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. உங்களுக்கு வருடங்கள் ஆகிவிட்டன. கடிதத்தை வைத்து நான் நோய்ப் பெயர் சொல்லமாட்டேன், அது முறையல்ல. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை நேரில் காட்டுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் காத்திருக்கவேண்டாம். 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மனஸ் சேவை, தமிழிலும் பேசலாம், பகலும் இரவும் உண்டு, கட்டணம் இல்லை.

புதுப் பணித்தளத்துக்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். பழைய ஊருக்குப் போய்வந்து, சிகிச்சையும் தொடங்கி, அதன் பிறகு முடிவு சொல்கிறேன் என்று மிஷன் தலைவரிடம் சில மாத அவகாசம் கேளுங்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல தலைவராக இருந்தால் கொடுப்பார். நாளைக்கே ஜெபக்கூட்டத்தில் ஏறி வெற்றிச் சாட்சி சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். ஆறாத காயத்தை மேடையில் காட்டினால் இன்னும் புண்ணாகும். அந்த மூத்தவரிடம் வாதம் செய்யவும் வேண்டாம். தனியாகப் பார்த்து, "நீங்கள் சொன்னது என்னை இத்தனை நாள் வருத்தியது" என்று மட்டும் சொல்லிப்பாருங்கள். பலருக்குத் தாங்கள் என்ன சொன்னோம் என்பதே ஞாபகம் இருக்காது.

தகுதியைக் கேட்டீர்கள். மோம்பெசன் பிறகு ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிளேக் ஊரிலிருந்து வந்தவர் என்று அந்தச் சபை பயந்து, கொஞ்ச காலம் அவரை ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தங்கவைத்ததாகவும், ஒரு மரத்தடியில் நின்று அவர் பிரசங்கம் செய்ததாகவும் அங்கே சொல்கிறார்கள். 1709-இல் இறக்கும்வரை அதே ஊரில்தான் ஊழியம் செய்தார். நீங்கள் தகுதியானவர் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் போகும் முன் ஒன்றைச் செய்யுங்கள்: அடுத்த பணித்தளத்தில் முதல் வருடத்திலிருந்தே, நீங்கள் இல்லாத நாளில் நோயாளிக்காக ஜெபிக்கவும் அடக்கம் நடத்தவும் உள்ளூரில் இரண்டு மூன்று பேரைப் பழக்குங்கள். பழைய ஊரில் அந்தப் பையன் தானாக எழுந்து நின்றான். எல்லா ஊரிலும் அப்படி ஒருவன் கிடைப்பான் என்று விட்டுவிட முடியாது. 1576-இல் மிலான் நகரத்தில் பிளேக் வந்து வீடுகள் அடைபட்டபோது பேராயர் கார்லோ பொரோமேயோ தெருமுனைகளில் பீடம் அமைத்து, மக்கள் ஜன்னலில் நின்றே வழிபடச் செய்தார். மணி அடித்ததும் அடைபட்ட வீடுகளுக்குள்ளிருந்தே ஜெபித்தார்கள். வாசலைத் தாண்டாமல் ஊழியம் செய்ய அன்றே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நீங்களும் போனில் ஒரு வழி கண்டீர்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம், உடம்போடு போய் நிற்பது மட்டும்தான் ஊழியம் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பவுல் தன் நிருபங்களில் சிலவற்றைச் சிறையில் இருந்துதான் எழுதினார் என்பதையும் அவர்களேதான் சொல்லித் தந்தார்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. "மனைவிக்கும் காய்ச்சல்" என்பதைத் தவிர அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அவரும் அதே வீட்டில், அதே நோயில் கிடந்தார். உங்கள் ஆக்சிமீட்டரை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவராகத்தான் இருக்கவேண்டும். பிள்ளைகள் ஹாஸ்டல் மூடியதால் பாட்டி வீட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அத்தனை தூரத்தில் இருந்த தாய்க்கு அது எப்படி இருந்தது என்று கேட்டீர்களா? பெரியவரின் மருமகள் அவருக்குத் தோழியாக இருந்திருக்கலாம். இந்தப் பதிலை அவரிடம் காட்டி, அந்த நாட்களைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று இன்றைக்கே கேளுங்கள். அவர் தனியாக எனக்கு எழுத விரும்பினால் எழுதட்டும்; அதை வெளியிடமாட்டேன், நேரடியாகப் பதில் அனுப்புகிறேன்.